குடிச்சிச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?

2024 ஆகஸ்டில் ஒருநாள் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கருணாபுரம் சாவுகள் நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தொலைக்காட்சியில் ஒரு பட்டாசு ஆலை விபத்துச் செய்தி ஓடியது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் நிவாரணம் என்றார்கள். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வேலை செஞ்சி செத்தவனுக்கு மூணு லட்சம். குடிச்சிச் செத்தவனுக்குப் பத்து லட்சம். இன்னா சார் நியாயம் இது?"

என்னிடம் பதில் இல்லை. டீயைக் குடித்துவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. அது அவருடைய கேள்வி மட்டுமல்ல. அந்த ஜூன் மாதம் முழுக்க வாட்ஸப்பில் ஓடிய கேள்வி. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்காகவும் போனது. பத்து லட்சம் அதிகம்தான் என்று நீதிபதிகள் வாய்மொழியாகச் சொன்னதும் செய்தியானது. கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. தன் உழைப்பில் வாழ்கிற, தன் வீட்டில் யாரோ ஒருவர் குடியால் சீரழிந்ததைப் பார்த்திருக்கிற சாதாரண ஆட்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை.

கேள்விக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குடித்தவன் தெரிந்தே குடித்தான், ஆகவே விளைவு அவனுடையது என்பது அது. இந்த நம்பிக்கையை மருத்துவ ஆராய்ச்சி சொல்கிறவற்றோடு வைத்துப் பார்த்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரம். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். சுமை தூக்குபவர்கள், தினக்கூலிகள். 2024 ஜூன் 18 அன்று பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்களுக்கு மறுநாளிலிருந்து வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல், கண் மங்கல். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருநூறு பேருக்கு மேல் சேர்க்கப்பட்டார்கள். 65 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெண்களும் உண்டு. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபது பேருக்கு மேல் இதேபோல் செத்திருந்தார்கள்.

பாக்கெட் அறுபது ரூபாய் அளவில் விற்றது. அப்போது டாஸ்மாக்கில் ஆகக் குறைந்த விலைக் குவார்ட்டர் 140 ரூபாய். மூட்டை தூக்கி உடம்பு வலிக்கிற ஒருவனுக்கு இந்த எண்பது ரூபாய் வித்தியாசம் அரிசிக் காசு.

பாக்கெட்டில் இருந்தது மெத்தனால். பெயின்ட், மருந்து, ரசாயனத் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுகிற பொருள். நாம் சாராயம் என்று சொல்கிற எத்தனாலுக்கும் இதற்கும் நிறத்தில் வித்தியாசமில்லை. நாக்கும் மூக்கும்கூட எளிதில் பிரித்துச் சொல்லாது. முதலில் போதையும் வரும். முப்பது மில்லி சுத்தமான மெத்தனால் ஓர் ஆளைக் கொல்லப் போதும். பத்து மில்லியே கண்ணைப் பறித்துவிடலாம்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வெள்ளிமலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மலையாளிப் பழங்குடி, அறுபது வயதுக்கு மேலிருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பேச்சுக்கொடுத்தேன். "எல்லாப் பழியும் மலை மேலதான் தம்பி. போலீசு வந்து ஊறல் எங்க ஊறல் எங்கன்னு காட்ட அலசுனான். நாங்க காச்சுறது வெல்லம், வேலம்பட்ட, கடுக்காய். செத்தது கீழ, டவுனுல. அந்தச் சரக்கு எந்தக் கம்பெனில இருந்து வந்துச்சோ?"

அவர் சொன்னதில் பாதி சரி. கல்வராயன் மலை ஓடைக்கரைகளில் கள்ளச்சாராயம் காய்ச்சுவது பல பத்தாண்டுக் கதை. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. சாலையும் பள்ளியும் தாமதமாகவே வந்தன, வேலை இன்னும் வந்து சேரவில்லை. கருணாபுரத்துக்குப் பிறகுதான் உயர் நீதிமன்றமே மலைமக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஆனால் வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சும்போது வருவது எத்தனால். மெத்தனால் அதில் மிகச் சொற்பம். ஒரு தெருவையே சாய்க்கிற அளவு மெத்தனால் ஊறல் பானையிலிருந்து வராது. தொழிற்சாலைக்கென்று தயாரான பீப்பாயிலிருந்துதான் வரும். நாம் இரண்டையும் 'கள்ளச்சாராயம்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். ஒன்று வரி கட்டாத சாராயம், மற்றது சாராயமே இல்லை.

மறுபாதி சரியில்லை. மலைச் சாராயமும் கல்லீரலைத் தின்னும், குடும்பத்தைத் தின்னும். அதை மலைப் பெண்களைக் கேட்டால் தெரியும். அவரிடம் இதைச் சொன்னேன். "அது இருக்குது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

குடியால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றிய ஆராய்ச்சி மருத்துவ உலகில் பெரிய துறை. அதன் மையக் கேள்வி பல ஆண்டுகளாக ஒன்றுதான்: எவ்வளவு குடித்தால் பாதகமில்லை?

கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு அறவே குடிக்காதவர்களைவிட மாரடைப்பு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. பிறகு அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 'குடிக்காதவர்கள்' என்ற கூட்டத்தில், ஏற்கெனவே குடித்து உடம்பு கெட்டு நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவன் ஆரோக்கியமாகத்தான் தெரிவான். 2019-இல் லான்செட் இதழில் வந்த சீன ஆய்வு இதை வேறு வழியில் சோதித்தது. கிழக்காசியர் பலருக்குச் சாராயம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. அவர்கள் பிறப்பினாலேயே குறைவாகக் குடிப்பவர்கள். ஐந்து லட்சம் பேரைப் பத்து ஆண்டு பின்தொடர்ந்த அந்த ஆய்வில், மரபணுவை வைத்துக் கணக்கிட்டபோது, அளவான குடி பக்கவாதத்திலிருந்து காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குடி ஏற ஏற ஆபத்தும் ஏறியது. பெரும்பாலும் குடிக்காத சீனப் பெண்களில் அதே மரபணு எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை. அதாவது வேலையைக் காட்டியது குடிதான்.

அமெரிக்காவில் இன்னொரு முயற்சி நடந்தது. 7,800 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைத் தினமும் ஒரு கிளாஸ் குடிக்கச் சொல்லி, மறுபாதியினரைக் குடிக்காமல் இருக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் பின்தொடர்வதாகத் திட்டம். பத்து கோடி டாலர் செலவு. அதில் பெரும்பகுதி மது நிறுவனங்களிடமிருந்து வருவதும், அந்தப் பணத்தை அதிகாரிகளும் ஆய்வாளர்களும் கேட்டு வாங்கிய விதமும் வெளியானதும், 2018 ஜூனில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஆய்வையே மூடியது. 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு, பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என அறிவித்தது. கருணாபுரத்தில் சாவு எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த அதே வாரம், 2024 ஜூன் 25 அன்று, அதே அமைப்பின் அறிக்கை 2019-இல் மட்டும் உலகில் 26 லட்சம் பேர் மதுவால் இறந்ததாகச் சொன்னது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. இந்த ஆய்வுகள் எல்லாமே கிராமில் பேசுகின்றன. நாளுக்குப் பத்து கிராம், பதினைந்து கிராம். தன் கிளாஸில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவனைத்தான் அவை கற்பனை செய்கின்றன. டாஸ்மாக் பாட்டிலில்கூட 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும், உடல்நலத்துக்குக் கேடு என்றும் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் குடிப்பவனிடம் 'தெரிந்துதானே குடித்தாய்' என்று ஓரளவு கேட்கலாம். ஓரளவுதான், குடிக்கு அடிமையான ஒருவனின் விருப்பத்தை நம்முடைய விருப்பம்போல நினைத்துப் பேச முடியாது. கருணாபுரத்துப் பாக்கெட்டில் அச்சு எதுவும் இல்லை. அவன் தெரிந்து வாங்கியது சாராயத்தை. அவனைக் கொன்றது அவனுக்குத் தெரியாத வேறொன்று. கலப்பட எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டுச் செத்தவனைப் பார்த்து 'எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுன்னு தெரியாதா' என்று யாரும் கேட்பதில்லை.

*

ஆனாலும் கேட்டிருக்கிறார்கள், நூறு ஆண்டுக்கு முன்பே. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920-களில், தொழிற்சாலைச் சாராயத்தை யாரும் திருடிக் குடிக்கக்கூடாதென்று அரசே அதில் மெத்தனாலை அதிகமாகக் கலக்கவைத்தது. அது எப்படியும் திருடப்படும், ஏழைகள் குடிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கில் கொத்தாகச் செத்தார்கள். நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ், சட்டப்படி இல்லாவிட்டாலும் அறத்தின்படி இந்தச் சாவுகளுக்கு அரசே பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். மதுவிலக்கு இயக்கத் தலைவர் வெய்ன் வீலரின் பதில் வேறு. குடிக்கவே கூடாது என்று சட்டம் இருக்கும்போது நல்ல சாராயம் கொடுக்கும் கடமை அரசுக்கு இல்லை, இதைக் குடிப்பவன் தெரிந்தே தற்கொலை செய்துகொள்கிறான் என்றார். டீக்கடையில் நான் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

நம் அரசு விஷம் கலக்கவில்லை. ஆனால் மெத்தனால் எவ்வளவு ஆபத்தானது என்று அதற்குத் தெரியும். மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959-லிருந்தே விதி இருக்கிறது. அறுபத்தைந்து ஆண்டாகத் தெரிந்த ஆபத்து, காவல் நிலையத்துக்குப் பக்கத்தில் பாக்கெட்டில் விற்றது. அந்த அரசேதான் 2023-24-இல் டாஸ்மாக் வழியாக 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாயும் பார்த்தது. 'தெரிந்தே' என்ற சொல்லை யாருக்காவது மாட்டவேண்டுமென்றால், குடித்தவனைவிட அது பொருந்தக்கூடிய ஆட்கள் வேறு பலர்.

*

மெத்தனால் விஷயத்தில் உடம்பு செய்கிற ஒரு வேலையைப் புரிந்துகொண்டால், பழிபோடுவதன் இன்னொரு முகம் தெரியும்.

மெத்தனால் அப்படியே பெரிய விஷம் அல்ல. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்புக் கடியில் இருக்கிற அதே அமிலம். அது ரத்தத்தை அமிலமாக்கி, உயிரணுக்களை மூச்சுத் திணறவைத்து, பார்வை நரம்பை அழிக்கிறது. இந்த மாற்றம் நடக்கப் பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பான். கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்தான் பிடிக்கும். இரண்டும் இருந்தால் முதலில் எத்தனாலைத்தான் கவனிக்கும். மெத்தனால் அந்த நேரத்தில் மாறாமலே வெளியேறிவிடும். அதனால் மெத்தனால் விஷத்துக்கு மருத்துவமனைகளில் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த மாற்று மருந்து, அளந்து கொடுக்கப்படும் எத்தனால். (மருத்துவர் கண்காணிப்பில் மட்டும், வீட்டு வைத்தியம் அல்ல.) இன்று ஃபோமிபிசோல் என்ற ஊசி அதே வேலையை இன்னும் பாதுகாப்பாகச் செய்கிறது. 2013-இல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்ந்தது. கூடவே டயாலிசிஸ். கள்ளக்குறிச்சியில் சாவுகள் நடந்துகொண்டிருந்தபோது நம் அரசியல்வாதிகள் ஃபோமிபிசோலா, வயிற்றெரிச்சலுக்குத் தருகிற ஒமிப்ரசோலா என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

இந்த அறிவு எப்படி வந்தது? ஒரு கிளாஸ் ஒயினைக் கொடுத்துப் பின்தொடரலாம்; மெத்தனாலைக் கொடுத்துப் பரிசோதிக்க எந்த அறக்குழுவும் அனுமதிக்காது. ஆகவே இது பெரும்பாலும் விஷம் குடித்து வந்தவர்களின் படுக்கையருகே கற்றது. 1940-களில் நார்வே மருத்துவர் ஓலுஃப் ரோ, மெத்தனாலோடு சாராயமும் சேர்த்துக் குடித்தவர்கள் பிழைப்பதைக் கவனித்தார். 2001 எஸ்டோனியா, 2002 முதல் 2004 வரை நார்வே, 2012 செக் குடியரசு என்று ஒவ்வொரு கூட்டச் சாவும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தது. மலிவுச் சரக்குக் குடித்தவர்கள் தங்கள் கண்ணையும் உயிரையும் கொடுத்து மருத்துவத்துக்குக் கற்பித்த பாடம் இது. யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருப்பதற்கு நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

பாடத்தின் முக்கியமான வரி: அறிகுறி வருவதற்கு முன்னால் வந்தவன் பிழைப்பான். செக் குடியரசில் விஷயம் வெளிவந்ததும் அரசு இருபது சதவீதத்துக்கு மேற்பட்ட மது விற்பனையையே நாடு முழுக்க நிறுத்தியது. ஆம்புலன்ஸிலேயே எத்தனால் கொடுத்தார்கள். அப்படி முன்கூட்டிப் பெற்றவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று பின்னால் ஆய்வும் சொன்னது.

கள்ளக்குறிச்சியில் ஜூன் 19 அன்று, கள்ளச்சாராயம்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்பதே மாவட்ட நிர்வாகத்தின் முதல் பேச்சாக இருந்தது. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. அன்று மாலைக்குள் ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் அந்தப் பகல் போனது போனதுதான்.

அந்தப் பகலில் ஒருவனை யோசித்துப் பாருங்கள். நேற்று குடித்தான். இப்போது லேசாகத் தலைவலி. பக்கத்து வீட்டில் சாவு. ஆஸ்பத்திரிக்குப் போனால் 'குடிச்சியா' என்பார்கள். போலீஸ் கேஸ் ஆகலாம். பெண்டாட்டி திட்டுவாள், தெரு சிரிக்கும். குடித்தது பெண்ணாக இருந்தால் சொல்லவே வேண்டாம். 'சரியாயிடும், படுத்துக்கறேன்' என்பான். அந்த நொதி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

குடித்தவன் குற்றம் என்று நாம் சொல்வது, எல்லாம் முடிந்தபிறகு தருகிற தீர்ப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது முன்பே வேலை செய்கிறது. பிழைக்க வாய்ப்பிருக்கிற அந்த இருபத்துநாலு மணி நேரத்தில் ஒருவனை வீட்டுக்குள் பூட்டிவைப்பது அதுதான்.

*

அப்படியானால் குடிப்பவனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக்கூடாதா?

என் சித்தப்பா டாஸ்மாக் சரக்கில்தான் போனார். சட்டப்படி வாங்கி, பில் இல்லாமல் குடித்து, வயிறு வீங்கிச் செத்தார். எந்த நிவாரணமும் இல்லை, செய்தியும் இல்லை. காரியத்தன்று நான் ஏதோ அவரைக் குறைசொல்லிப் பேசினேன். சித்தி சமையலறையிலிருந்து வந்து சொன்னாள்: "நான் திட்டுவேன். இருபது வருஷம் சோறு போட்டுட்டுத் திட்றேன். உனுக்கு இன்னா?"

பழிசொல்வதற்கும் ஒரு உரிமை வேண்டும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். குடித்தவனால் அடிவாங்கியவள், அவன் தூக்கிக்கொண்டு போன கம்மலை மீட்டவள், அவனுக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தவள் சொல்லலாம். அவள் சொல்வதில் அவன் திருந்தவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்திருக்கிறது. அதே வாக்கியத்தை நானும் நீங்களும் சொல்லும்போது, இந்தச் சாவில் நமக்குப் பங்கில்லை என்று கை கழுவுவது மட்டும்தான் மிச்சம். கருணாபுரத்தில் பத்து லட்சம் போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் அப்படித் திட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்தான். குடித்தவன் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு எதிர்வாதம் நியாயமானது. அவனுக்குப் பொறுப்பே இல்லையென்று சொன்னால் அவனைக் குழந்தையாக்குகிறோம். ஆமாம். குடித்ததற்கு அவன் பொறுப்பு, வீட்டுக் காசைக் கரைத்ததற்குப் பொறுப்பு. மெத்தனாலுக்கு அவன் பொறுப்பில்லை. முதல் இரண்டையும் காட்டி மூன்றாவதையும் அவன் தலையில் கட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

*

மறுபடி கள்ளக்குறிச்சி போனபோது அந்தக் கடைக்காரரிடம் இதில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். நொதிக் கதையைக் கவனமாகக் கேட்டார். "சாராயத்துக்குச் சாராயமே மருந்தா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். கொஞ்சநேரம் பேசாமல் கிளாஸ் கழுவினார்.

"சரி சார், அவனுக்குத் தெரியாதுன்னே வச்சுக்குவோம். பட்டாசுக்காரனுக்கு மூணு லட்சந்தானே? அது மட்டும் எப்பிடி?"

அதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. அந்த மூன்றுதான் தப்பு, இந்தப் பத்து இல்லை என்றேன்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.